வரப்பில் பூ இருந்தால் வயலில் காவல் இருக்கும்

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போரும் போட்டாகிவிட்டால் அடுத்த வேலை வரப்பைச் சுத்தம் செய்வதுதான். புல்லைச் செதுக்கி, காய்ந்த தட்டைகளைக் குவித்துத் தீ வைத்து, வயலையும் வரப்பையும் துடைத்து வைத்தாற்போல் வைத்திருப்பவரே நல்ல விவசாயி என்று ஊரில் பெயர். இந்தச் சுத்தத்தில் பாதி நல்லது, பாதி நஷ்டம். எதை அழிக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பிரித்தறிவதைப் பொறுத்தே அடுத்த போகத்தின் மருந்துச் செலவு கூடுவதும் குறைவதும்.

வயலில் காணப்படும் பூச்சிகள் எல்லாமே பயிரைத் தின்பவை அல்ல. பயிரைத் தின்னும் பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வாழும் பூச்சிகளும், சிலந்திகளும் அதே வயலில் இருக்கின்றன. பயிர் நிற்கும் வரை இவற்றுக்கு இரையும் உண்டு, நிழலும் உண்டு. அறுவடை ஆனதும் இரண்டும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அப்போது இவை ஒதுங்குகிற இடம் வரப்புப் புல்லும், வேலியோரமும், உதிர்ந்த சருகும்தான். அங்கேயும் தீ வைத்துவிட்டால் போக்கிடம் இல்லை.

அடுத்த போகத்துக்கு நாற்று நட்டதும் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் எங்கிருந்தாவது பறந்து வந்து சேர்ந்துவிடும். அவற்றைத் தின்னும் பூச்சிகள் அவ்வளவு விரைவில் வருவதில்லை. வந்தாலும், இரை பெருகிய பிறகே இவை பெருக முடியும். இந்த இடைவெளியில்தான் விவசாயி தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். தெளித்த மருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த காவல் பூச்சிகளையும் கொன்றுவிடுவதால், பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் தெளிக்க வேண்டியதாகிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சிறிய செலவல்ல.

இங்கே சோதனை கோடைதான்

பனி பெய்யும் நாடுகளில் பூச்சிகளுக்குக் கஷ்ட காலம் குளிர்காலம். அங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் காய்ந்த செடித் தண்டுகளை வெட்டாமல் பனிக்காலம் முழுவதும் நிற்க விடுகிறார்கள். உள்ளே துளை உள்ள தண்டுகளிலும், மரப்பட்டைக்கு அடியிலும், சருகுக் குவியலிலும் பொறிவண்டு முதலியவை ஒடுங்கிக் கிடந்து வசந்தத்தில் வெளிவரும். பிரிட்டனில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து, பெரிய கோதுமை வயல்களின் நடுவே மண்ணை மேடாக உயர்த்தி, குத்துக் குத்தாக வளரும் புல்லை அதில் விதைத்து வருகிறார்கள். அசுவினியைத் தின்னும் தரை வண்டுகளும் சிலந்திகளும் பனிக்காலத்தில் தங்குவதற்காகவே இந்த மேடுகள். சுருக்கமாகச் சொன்னால், வரப்பே இல்லாத வயலில் அவர்கள் செலவு செய்து வரப்புப் போடுகிறார்கள். தமிழ்நாட்டு விவசாயியிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

நம் சமவெளியில் மார்கழி, தை மாதங்களின் குளிர் பூச்சிகளைக் கொல்லும் அளவுக்கு இருப்பதில்லை. சொல்லப்போனால் அவரை, கடுகு, மொச்சை முதலியவற்றில் அசுவினி மிகுவது அப்போதுதான். பொறிவண்டும் அப்போதுதான் கண்ணில் படும். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் உறைபனி விழும் இடங்கள் மட்டும் இதற்கு விலக்கு. சமவெளியில் உண்மையான பஞ்சம் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா தரிசில் உளுந்தோ பயறோ விதைத்திருந்தால் பங்குனி வரை ஓரளவு இரையும் தேனும் கிடைக்கும். அதுவும் முடிந்தபின் மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவு தொடங்கும் வரை வயல் வெறும் மண். அந்தச் சமயத்தில் பூப்பது வேம்பும் புங்கும்தான். வேப்பம்பூ வருஷப் பிறப்புப் பச்சடிக்கு மட்டும் அல்ல, தேனீக்கும் சின்னஞ்சிறு குளவிகளுக்கும் ஆகாரம். வேலியோரத்தில் நிற்கும் நாலு மரத்தை நிழல் விழுகிறது என்று வெட்டுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

காவல் பூச்சிகளை அடையாளம் காண்பது

காப்பாற்ற வேண்டியவை எவை என்று தெரியாமல் காப்பாற்ற முடியாது. பல விவசாயிகள் நல்ல பூச்சியின் குஞ்சைக் கண்டு பயந்து மருந்து அடிப்பது இன்றும் நடக்கிறது.

பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். மிளகாய் விதை அளவிலிருந்து பயறு அளவு வரை, பளபளப்பான சிவப்பு அல்லது ஆரஞ்சு முதுகில் கறுப்புப் புள்ளி அல்லது கோடு. ஆனால் அதன் புழு வேறு மாதிரி இருக்கும்: நீண்டு, கறுப்பாக, ஆரஞ்சு நிறத் திட்டுகளுடன் குட்டி முதலை போல இலையில் ஊர்ந்து திரியும். அசுவினியைத் தின்பதில் வண்டுக்குப் புழு சளைத்ததல்ல. கத்தரியிலும் பாகலிலும் இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டும் இதே சாதியைச் சேர்ந்ததுதான். அதன் முதுகு பளபளக்காது. மங்கிய செம்பு நிறத்தில் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடல் முழுதும் முள் முள்ளாக இருக்கும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டால் பிறகு மறக்காது.

இன்னொரு பொறிவண்டு உண்டு. பெரும்பாலும் மாவுப்பூச்சியைத் தேடித் தின்னும் கிரிப்டோலேமஸ். 1898-இல் காப்பித் தோட்டங்களில் செதில் பூச்சியைக் கட்டுப்படுத்துவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டு, தென்னிந்தியாவில் நிலைத்துவிட்டது. இதன் புழுவின் மேல் வெள்ளை மெழுகு இழைகள் தொங்குவதால் அதுவே ஒரு பெரிய மாவுப்பூச்சி போலத் தோன்றும். கொய்யாவிலும் திராட்சையிலும் இதை மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்குவோர் அநேகம். தொட்டுப் பார்த்தால் தெரியும்: மாவுப்பூச்சி அசைவது அரிது, இது விறுவிறுவென்று ஓடும்.

இலையின் அடியில் தலைமயிர் போன்ற மெல்லிய காம்பின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு நிற்கக் கண்டால் அது நோய் அல்ல, பூஞ்சாளமும் அல்ல. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அது. இதன் புழு அசுவினி, இலைப்பேன், சிறு முட்டைகள் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். வளர்ந்த பூச்சியோ பெரும்பாலும் தேனும் மகரந்தமும் உண்டு வாழ்வது. பூ இல்லாத இடத்தில் அது தங்காது.

கண்ணுக்கே எட்டாதவை முட்டை ஒட்டுண்ணிகள். டிரைக்கோகிரம்மா என்ற குளவி அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். தண்டுத் துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சி இடும் முட்டைக்குள் இது தன் முட்டையை இட்டுவிடும். பிறகு அதிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு, நட்ட 30, 37-வது நாள்களில் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டுமாறு சிபாரிசு செய்யப்படுகிறது. காசு கொடுத்து அட்டை வாங்கிக் கட்டுகிற விவசாயி கவனிக்க வேண்டியது ஒன்று: அட்டையிலிருந்து வெளிவரும் குளவி தேன் கிடைத்தால் பல நாள் உயிர் வாழ்ந்து முட்டை இடும். கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் மடிந்துபோகும். வரப்பில் பூ இல்லாத வயலில் அட்டை கட்டுவது, சாப்பாடு போடாமல் ஆளை வேலைக்கு வைப்பது போல.

சிலந்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புகையானுக்கும் தத்துப்பூச்சிக்கும் நெல் வயலில் இவற்றைப் போன்ற எதிரி வேறு இல்லை. தட்டான் பறப்பதும் நல்ல அறிகுறியே.

எதை விட்டுவைக்கக் கூடாது

பூச்சிக்குப் புகலிடம் என்றதும் எல்லாக் குப்பையையும் அப்படியே விடலாம் என்று கொள்ளக்கூடாது. தீமை செய்யும் பூச்சிகளும் இதே காலத்தில் ஒளிந்து கிடக்கின்றன; அவற்றின் இடம் வேறு.

நெல்லின் தண்டுத் துளைப்பான் புழு அறுவடைக்குப் பின் தாளின் அடிப்பகுதியில் தங்கும். ஆகவே தரையை ஒட்டி அறுத்து, கோடை மழை கிடைத்ததும் உழுது தாளை மடக்கிவிட வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் கூடாது. தீ வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, உழவே போதும். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்ந்த காயிலும் விதையிலும் தங்குவதால், கடைசி வெடிப்பு எடுத்ததும் மாரைப் பிடுங்கி வயலை விட்டு அகற்ற வேண்டும். கத்தரி மாரை அடுப்புக்கு ஆகும் என்று வயலோரத்தில் அடுக்கி வைப்பது பழக்கம். தண்டு, காய் துளைப்பான் அதிலிருந்து வெளிவந்து பக்கத்தில் நட்ட புதுக் கத்தரிக்கே போய்ச்சேரும். மாரை வீட்டுப் பக்கம் கொண்டுபோய் அடுக்குவதே நல்லது. எருக்குழியில் வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் பெரிய புழுக்கள் தென்னைக்கு எமனான காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கலாம். எருவைக் கிளறும்போது பொறுக்கி அழிக்க வேண்டும்.

வரப்பிலும் எல்லாச் செடிக்கும் இடம் கொடுக்க முடியாது. பார்த்தீனியமும் துத்தியும் பருத்தி மாவுப்பூச்சிக்கு வீடு. வெண்டையும் மிளகாயும் பயிரிடுபவர்கள் வெள்ளை ஈ மொய்க்கும் களைகளை வேலியோரத்திலிருந்து களைந்துவிட வேண்டும், ஏனென்றால் நச்சுயிரி நோய் அங்கிருந்துதான் வயலுக்கு வருகிறது. அறுகும் சாதாரண வரப்புப் புல்லும் சிலந்திக்கும் தரை வண்டுக்கும் போதும்.

எலி ஒரு நியாயமான ஆட்சேபம். அகலமான வரப்பும் அடர்ந்த புதரும் இருந்தால் எலி வளை தோண்டும். இதற்குப் பயந்துதான் பலர் வரப்பை வழித்துச் செதுக்குகிறார்கள். வரப்பு குறுகலாக இருந்தால் வளை தோண்ட மண் போதாது. ஆகவே அண்டை வெட்டி வரப்பின் பக்கங்களைச் சீராக்குவதை நிறுத்த வேண்டாம். வரப்பின் உச்சியில் மட்டும் பூஞ்செடிகளை விட்டுக் கீழே வெளிச்சம் தெரியும்படி வைத்தால் எலிக்கு மறைவு கிடைக்காது. புல் அறுப்பதிலும் ஒரு முறை வேண்டும். எல்லா வரப்பையும் ஒரே நாளில் வழிக்காமல், இந்த வாரம் ஒரு பாதி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபாதி என்று அறுத்தால் மாட்டுக்கும் தொடர்ந்து பசும்புல் கிடைக்கும். பூச்சியும் அறுத்த இடத்திலிருந்து அறுக்காத இடத்துக்கு மாறிக்கொள்ளும்.

வரப்பில் என்ன விதைக்கலாம்

தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நெல் வயலைச் சுற்றித் தேன் மிகுந்த பூஞ்செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. பூஞ்செடி வளர்த்த வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பது 70 சதவீதம் குறைந்தது. விளைச்சலோ 5 சதவீதம் கூடியது. அங்கே பயன்பட்ட முக்கியமான செடிகளில் ஒன்று எள். நம் ஊரில் விதைக்குப் பஞ்சமில்லாத செடி அது.

எள்ளுடன் தட்டைப்பயறு, உளுந்து, செண்டுமல்லி, சூரியகாந்தி ஆகியவற்றையும் வரப்பில் விதைக்கலாம். தட்டைப்பயறுக்கு ஒரு விசேஷம் உண்டு. பூவில் மட்டுமன்றி, பூக்காம்பை ஒட்டிய சுரப்பிகளிலும் அது தேன் கசிய விடும். அதன்மேல் வரும் கறுப்பு அசுவினி நெல்லைத் தொடாது. ஆனால் பொறிவண்டுக்கு அது இரை. ஆகவே நெல் வரப்புத் தட்டைப்பயற்றில் அசுவினியைக் கண்டால் மருந்து அடிக்க ஓட வேண்டாம். நிலக்கடலையோ பயறோ தனிப்பயிராகச் செய்கிற வயலின் ஓரத்தில் மட்டும் இது ஆகாது. அந்த அசுவினி அந்தப் பயிர்களையும் தாக்கும். காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் நாலு கொத்தமல்லி, சோம்பு, கடுகுச் செடிகளைப் பறிக்காமல் பூக்க விட்டால், அவற்றின் ஆழமில்லாத சிறு பூக்களிலிருந்து குட்டை வாயுள்ள ஒட்டுண்ணிக் குளவிகள் எளிதில் தேன் எடுக்கும். சூரியகாந்திக்குக் கிளித் தொல்லை உண்டு என்பது தெரிந்ததே. வரப்பில் நிற்கும் பத்துச் செடியைக் கிளி தின்றாலும் நஷ்டமில்லை.

காலம் தவறாமல் விதைப்பது முக்கியம். எள்ளும் தட்டைப்பயறும் விதைத்த 40 நாளையொட்டிப் பூக்கும். நாற்றங்காலில் விதை விடும் அன்றே வரப்பிலும் விதைத்தால், நடவு முடிந்து இரண்டு வாரத்தில், அதாவது தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி முட்டை இடத் தொடங்கும் சமயத்தில், பூ கண்டுவிடும். வரப்பு அண்டை போடுவது நடவுக்குச் சற்று முன்புதான் என்றால் விதைப்பு சாத்தியமில்லை. அப்போது செண்டுமல்லி நாற்றை ஒரு மூலையில் ஒரு மாதம் வளர்த்து வைத்திருந்து, நெல் நடும் அன்று வரப்பு உச்சியிலும் நட்டுவிடலாம். கோடைப் பஞ்சத்துக்கு மாசிப் பட்டத்து எள்ளும் ஓரங்களில் ஆமணக்கும் உதவும்.

தக்காளி போடுபவர்களுக்குச் செண்டுமல்லி வேறு வகையிலும் பயன்படும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்ற கணக்கில், 40 நாள் வயதான உயர்ந்த வகைச் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட்டால், காய்ப்புழுவின் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லி மொட்டை நாடி முட்டை இடும். புழு விழுந்த மொட்டுகளைப் பறித்து அழிக்கச் சோம்பினால் இது பொறியாக இராது, புழு வளர்க்கும் பண்ணை ஆகிவிடும்.

வைக்கோல் பிடியும் மூங்கில் துண்டும்

பணம் செலவில்லாத முறை ஒன்று வைக்கோல் பிடி. அறுவடைக்கு நெருங்கிய வயலில் வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி ஆங்காங்கே வைத்தால் இரண்டொரு வாரத்தில் சிலந்திகள் அதில் குடியேறும். அந்தக் கட்டுகளை அப்படியே எடுத்துப் புதிதாக நட்ட வயலின் வரப்போரங்களில் குச்சியில் கட்டி நிறுத்தினால் சிலந்தியும் கூடவே வந்து சேரும். கரிச்சானும் அதே குச்சியில் உட்கார்ந்து புழு பிடிக்கும்.

துவரை, பூசணி, பாகல் முதலியவற்றில் மகரந்தம் சேர்க்கும் தேனீக்களில் கூட்டமாக வாழாத தனித் தேனீக்களும் உண்டு. இவை காய்ந்த மூங்கில், நாணல், ஆமணக்குத் தண்டு ஆகியவற்றின் துளைகளில் கூடு வைக்கும். ரோஜா இலையிலும் துவரை இலையிலும் கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல் அரைவட்டமாக வெட்டியிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையைத் தின்பதற்கு அல்ல, கூட்டுக்கு மெத்தை போடுவதற்கே அது வெட்டுகிறது, செடிக்குக் கேடில்லை. இதற்கு மருந்து அடிப்பது வீண். விரல் பருமனுக்கு உட்பட்ட மூங்கில், நாணல் துண்டுகளை ஒரு சாண் நீளத்தில், ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்கும்படி வெட்டி, இருபது முப்பதைச் சேர்த்துக் கட்டி, மழை படாத மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்தில் படுக்கை வாட்டில் கட்டிவிட்டால் போதும். துளை வாய் மண்ணாலோ இலையாலோ அடைபட்டிருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று பொருள். சுவரில் மண்கூடு கட்டும் குளவியையும் கலைக்க வேண்டியதில்லை. அவற்றில் பல, புழுக்களைப் பிடித்து வந்தே தம் குஞ்சுக்கு ஊட்டுகின்றன.

இத்தனையும் செய்துவிட்டு வரப்புப் பூவின் மேல் மருந்து படும்படி தெளித்தால் பயனில்லை. பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும், மாலையில், காற்றின் போக்கைப் பார்த்து, வயலுக்குள் மட்டும் தெளிக்க வேண்டும். முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு வீதம், தெளித்துப் பார்ப்பது நல்லது. பொது வரப்பாக இருந்தால் அடுத்த வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். அவர் அடிக்கும் மருந்து காற்றில் வந்தால் இவர் வளர்த்த பூச்சிகள்தாம் முதலில் சாகும்.

வீட்டுக்கு வரும் பூ

வரப்பில் பூத்தது எல்லாவற்றையும் பூச்சிக்கே விட வேண்டும் என்பதில்லை. மூன்றில் ஒரு பங்கைச் செடியில் விட்டு மீதியைப் பறிக்கலாம். செண்டுமல்லியையும் கோழிக்கொண்டையையும் பறிக்கப் பறிக்கப் பக்கக் கிளை விட்டு மறுபடி பூக்கும். சுவாமி படத்துக்கும் மாலைக்கும் போக, காம்போடு வெட்டி ஒரு செம்பிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ வைத்தால் திண்ணையும் கூடமும் ஒரு வாரம் அழகாக இருக்கும். பூவைத் தண்ணீரில் வைப்பது பங்களாவில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

வெட்ட ஏற்ற நேரம் விடியற்காலை. காம்பில் நீர் நிரம்பியிருக்கும். தேனீயும் இன்னும் வந்திராது. வெயில் ஏறிய பிறகு வெட்டிய பூ எத்தனை தண்ணீரில் வைத்தாலும் சீக்கிரம் தலை சாயும். கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டி, கையோடு கொண்டுபோன வாளித் தண்ணீரில் உடனே வைக்க வேண்டும். கையால் ஒடித்தால் காம்பு நசுங்கி நீர் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும். அவை அழுகித்தான் தண்ணீர் நாறுகிறது. மெதுவாக ஒருமுறை உதறினால் உள்ளே பதுங்கிய சிலந்தியும் வண்டும் வரப்பிலேயே இறங்கிவிடும்.

செண்டுமல்லியை நன்றாக விரிந்த பிறகும், சம்பங்கியை அடியில் உள்ள இரண்டு பூக்கள் மலர்ந்ததும், ரோஜாவை மொட்டு இதழ் பிரியத் தொடங்கும்போதும், கிளாடியோலஸ் கிடைக்கும் இடங்களில் அடி மொட்டில் நிறம் தெரிந்ததும் வெட்ட வேண்டும். சம்பங்கியில் ஒற்றை வகை உதிரிப்பூவுக்கும் மாலைக்கும் ஏற்றது. சுவாசினி, வைபவ் போன்ற இரட்டை அடுக்கு வகைகள் தண்டோடு வைப்பதற்கு ஏற்றவை. அடுக்குப் பூ கண்ணுக்கு அழகு என்றாலும் பூச்சிக்கு அதில் தேனும் மகரந்தமும் எடுப்பது கடினம். எனவே அடுக்குச் செண்டுமல்லி வைத்திருப்பவர்கள் நடுவில் சில ஒற்றை இதழ் செடிகளையும் கலந்து வைத்தால் நல்லது.

தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். மாற்றும்போது காம்பின் நுனியில் அரை அங்குலம் வெட்டிவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் பூ கூடுதலாக இரண்டு மூன்று நாள் தாங்கும். வாழைத்தார் தொங்கும் அறையிலும் மாம்பழம் பழுக்க வைத்த அறையிலும் பூவை வைக்கக்கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து கிளம்பும் எத்திலீன் வாயு பூவை விரைவில் வாடச் செய்யும். வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படுவதும் ஆகாது.

மருந்து தெளித்த பூவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதைப் பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தலையில் சூடுவதும், குழந்தைகள் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பதும் பூவைத்தான். காய்கறியையாவது கழுவிச் சமைக்கிறோம், பூவைக் கழுவுவதில்லை. மருந்து படாத வரப்புப் பூ என்றால் இந்தக் கவலை இல்லை.

வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் தண்ணீரே இல்லாமலும் மாதக் கணக்கில் நிற்கும். நன்றாக விரிந்ததும் காம்போடு வெட்டி, இலைகளை நீக்கி, சிறு கட்டுகளாகக் கட்டிக் காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுத்துவிடும். செடியில் விட்டுவைத்த மூன்றில் ஒரு பங்குப் பூவும் பூச்சிக்குப் பயன்பட்டு முடிந்து காயும்போது, பெரிய, முதலில் பூத்த பூக்களாகப் பார்த்துப் பறித்து, உலர்த்தி, சாம்பல் கலந்து துணிப்பையில் கட்டிப் பரணில் வைத்தால் அடுத்த நாற்றங்கால் போடும்போது வரப்புக்கு விதை தயாராக இருக்கும்.